ஹோஸ்ட்ஸ் கோப்பு

ஹோஸ்ட்ஸ் கோப்பு என்பது, கணினிகளின் பெயர்களையும் அவற்றிற்குரிய வலையமைப்பு முகவரிகளையும் வரிக்கு ஒன்றாக எழுதி, ஒவ்வொரு கணினியிலும் சேமித்து வைக்கப்படும் சாதாரண எழுத்துக் கோப்பு. எண்களைக் கொண்டே ஒன்றையொன்று அடையாளம் காணும் இயந்திரங்களைப் பெயர் சொல்லி அழைக்க மனிதருக்கு வசதி செய்து தருவதே இதன் பிரயோஜனம்.

தோற்றம்: 1969-இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆதரவில் அர்ப்பாநெட் என்னும் கணினி வலையமைப்பு தொடங்கப்பட்ட பின்னர், சில ஆண்டுகள்வரை அதில் இணைந்த ஒவ்வொரு நிலையமும் பிற நிலையங்களின் பெயர்ப்பட்டியலைத் தன்னளவில் எழுதிவைத்துக்கொண்டதால், ஓரிடத்தில் செய்த திருத்தம் மற்றோரிடத்தில் ஏறாமல் பட்டியல்கள் ஒன்றோடொன்று முரண்பட்டன. ஆதாரப் பிரதி ஒன்றை ஓரிடத்தில் பரிபாலித்து, யாவரும் அதிலிருந்து படியெடுத்துக்கொள்ளலாம் என்று 1973 டிசம்பரில் எல். பீட்டர் டாய்ச் யோசனை கூறினார். 1974 ஜனவரியில் அதற்கான வடிவம் வெளியாயிற்று. கலிபோர்னியாவின் மென்லோ பார்க் நகரில், ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிறுவனத்தைச் சார்ந்து, எலிசபெத் ஃபைன்லர் அம்மையாரின் தலைமையில் இயங்கிய வலையமைப்புத் தகவல் மையம் இப்பொறுப்பை ஏற்றது. நிலையங்கள் தத்தம் மாறுதல்களை மின்னஞ்சலில் தெரிவிக்க, வாரத்துக்கு ஓரிரு முறை புதிய பட்டியல் தயாராகும்.

பழவேற்காட்டு ஏரியில் வலை கட்டும் இடங்களைப் பட்டினவர் என்னும் மீனவர் குப்பங்களின் தலைக்கட்டுகள் பாடு முறைப்படி பங்கிட்டுக்கொள்ளும்போது, இன்னாருக்கு இன்ன இடம் என்ற வரிசையை ஊரே வைத்திருக்க, தண்ணீரில் இறங்குவோர் அதனை வினாவின்றி ஏற்பது போல, மென்லோ பார்க்கின் பட்டியலையும் நிலையங்கள் அனைத்தும் பிரமாணமாகக் கொண்டன. அங்கத்தினர் தொகை அளவோடு இருக்கும்வரையில்தான் இத்தகைய ஏற்பாடு செம்மையாக நடைபெறும்.

வளர்ச்சியும் மாற்றமும்: 1981-இல் 213 கணினிகளைக் கொண்டிருந்த பட்டியல், 1985-இல் 1,961 கணினிகளாக விரிவடைந்தது. கணினி பெருகப் பெருகப் பட்டியலும் நீண்டது, அதைப் படியெடுப்போரும் மிகுந்தனர். ஒரே பெயரை இருவர் சூட்டிக்கொள்ளும் குழப்பமும் நேர்ந்தது. படி கைக்கு வருமுன்பே மூலம் மாறிவிடும். இவ்விக்கினங்களைப் போக்கவே, தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் தகவல் அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த பால் மொக்கபெட்ரிஸ், பெயர்களைக் கிளை கிளையாகப் பிரித்து, அந்தந்தக் கிளைக்குரியோரே அதன் பட்டியலைப் பேணும் டி.என்.எஸ். முறையை 1983 நவம்பரில் வகுத்தளித்தார்.

இந்தியாவில்: மத்திய அரசின் எலக்ட்ரானிக்ஸ் இலாகா, ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியுடன் 1986-இல் எர்நெட் வலையமைப்பைத் தொடங்கியபோதும், 1989-இல் இந்தியாவுக்கு 'இன்' என்னும் ஈற்றுப்பெயர் வழங்கப்பட்டபோதும், ஒற்றைப் பட்டியலின் காலம் கழிந்துவந்தது. ஆகவே சென்னை ஐ.ஐ.டி.யின் கணினிகள் 'ஐஐடிஎம்.எர்நெட்.இன்' என்ற தொடர்பெயரின் கீழ் அறியப்பட்டன. பின்னிருந்து படித்தால் தேசம், வலையமைப்பு, கல்விநிலையம் என்று பொறுப்புப் படிப்படியாகக் கைமாறுவது அப்பெயரிலேயே விளங்கும்.

இன்றைய நிலை: உலகப் பட்டியல் என்ற பதவியை இழந்த பின்பும் இக்கோப்பு மறையவில்லை. யூனிக்ஸ் வழிவந்த அமைப்புகளில் 'இடிசி' என்னும் அடைவிலும், விண்டோஸில் 'சிஸ்டம்32' அடைவின் உட்பிரிவு ஒன்றிலும் அது இருக்கிறது. வரியின் முதலில் முகவரி, இடைவெளிக்குப் பின் பெயர், வேண்டுமானால் மாற்றுப்பெயர் என்பது அதன் இலக்கணம், 127.0.0.1 என்னும் முகவரி 'லோக்கல்ஹோஸ்ட்' என்ற பெயரில் அந்தந்தக் கணினியையே குறிக்கும். பழவேற்காட்டில் மீன் ஏலக் கணக்கு எழுதும் அலுவலகம் ஒன்றில் மூன்று கணினிகள் இருப்பதாகக் கொண்டால், அவற்றுள் ஒன்றின் முகவரியான 192.168.1.20 என்பதற்கு எதிரே 'ஏலம்' என்ற பெயரை ஆங்கில எழுத்துகளில் மற்ற இரண்டின் கோப்புகளிலும் எழுதிவிட்டால், வெளி இணைப்பு அறுந்த நாளிலும் அப்பெயரைக் கொண்டே அதனை எட்டலாம். ஆயினும் முகவரி மாறினால் இரண்டு கோப்புகளையும் கையாலேயே திருத்த வேண்டும். 1973-இல் டாய்ச் சுட்டிய குறை சிறிய அளவில் இங்கும் தொடர்கிறது.

பெரும்பாலான அமைப்புகள் டி.என்.எஸ். முறையை நாடுமுன் இக்கோப்பையே முதலில் பார்ப்பதால், வங்கியின் பெயருக்கு எதிரே போலி முகவரியை நுழைத்து மக்களை வஞ்சிக்கும் தீய நிரல்களும் தோன்றியுள்ளன. இதனைத் திருத்தும் அதிகாரம் பொதுவாகக் கணினியின் நிர்வாகிக்கு மட்டும் உரியதாக வைக்கப்பட்டிருக்கிறது.