பதினெட்டு வயதுக் கண்கள்

1782 நவம்பர் 12. இங்கிலாந்தின் யார்க் நகரில் இரவு வானத்தை அண்ணாந்து பார்த்த ஜான் குட்ரிக்குக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெர்சியஸ் மண்டலத்து அல்கால், வழக்கமாக இரண்டாம் தரப் பிரகாசத்தில் நிற்கும் விண்மீன், நான்காம் தரத்துக்கு இறங்கியிருந்தது. ஏறக்குறைய ஒரு மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணில் கோளாறா, காற்றுத்தான் சரியில்லையா என்று முதலில் சந்தேகப்பட்டார். அந்தச் சந்தேகத்தையும் நாட்குறிப்பில் எழுதி வைத்தார்.

அப்போது அவருக்கு வயது 18. சிறு பிராயத்திலேயே செவித்திறனை இழந்தவர். காது கேளாத பிள்ளைகளுக்காக எடின்பரோவில் தாமஸ் பிரெய்ட்வுட் நடத்திய பள்ளியில் படித்து, பிறகு வாரிங்டனில் கணிதம் கற்றார். வானத்தின் பக்கம் இழுத்தவர் உறவினரும் நண்பருமான எட்வர்ட் பிகாட். பிகாட்டின் தந்தை யார்க்கில் சொந்தமாகவே ஓர் ஆய்வுக்கூடம் வைத்திருந்தார்.

அல்கால் மங்குவதை இத்தாலியர் மொண்டனாரி நூறாண்டுக்கு முன்பே கவனித்ததைச் சென்ற வாரம் பார்த்தோம். ஆனால் எத்தனை நாளுக்கு ஒருமுறை மங்குகிறது என்று கணக்கு வைத்துச் சொன்னவர் குட்ரிக். உண்மையான கண்டுபிடிப்பு அதுதான் என்பேன். பெரிய கருவி எதுவும் தேவைப்படவில்லை. சுற்றியுள்ள விண்மீன்களோடு ஒப்பிட்டு, இதைவிட மங்கல், அதைவிடப் பிரகாசம் என்று மணியோடு குறித்துக்கொண்டே போக வேண்டும். மேகம் மூடினால் அன்றைய இரவு வீண். அப்படிப் பார்த்துப் பார்த்தே 2 நாள் 20 மணி 45 நிமிடம் என்று கணக்கிட்டார். இன்றைய கணக்கு 2 நாள் 20 மணி 49 நிமிடம். வெறும் கண்ணுக்கு இதைவிட என்ன பெருமை வேண்டும்?

காரணம்? இருண்ட பெரிய கோள் ஒன்று குறுக்கே வந்து மறைக்கலாம். அல்லது விண்மீனின் ஒரு பக்கம் கறைபடிந்திருந்து, அது சுழலும்போது நம் பக்கம் திரும்பலாம். 1783 மே மாதம் ராயல் சொசைட்டியில் வாசிக்கப்பட்ட கட்டுரையில் இரண்டையும் சொன்னார். கோள் மறைக்கிறது என்ற யோசனையில் பிகாட்டுக்கும் பங்குண்டு. அவர் பெயரை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொல்வது நியாயமில்லை. அதே ஆண்டு காப்ளி பதக்கம் குட்ரிக்குக்குக் கிடைத்தது. ஆனால் வில்லியம் ஹெர்ஷெல் தம் தொலைநோக்கியைத் திருப்பியபோது தெரிந்தது ஒற்றை விண்மீன்தான். குட்ரிக்கே பின்னாளில் கறை பக்கம் சாய்ந்துவிட்டார்.

1784 செப்டம்பர் 10 இரவு, பிகாட் ஈட்டா அக்விலேயும், குட்ரிக் பீட்டா லைரேயும் ஒளி மாறுவதைக் கண்டார்கள். அடுத்த மாதமே டெல்டா செஃபி. ஒன்றரை நாளில் விறுவிறுவென ஏறி, நாலு நாள் நிதானமாக இறங்குகிற விண்மீன் அது.

1786 ஏப்ரலில் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. அதே மாதம் 20-ம் தேதி குட்ரிக் இறந்தார். வயது 21.

அல்கால் புதிருக்கு விடை வர ஒரு நூற்றாண்டு ஆனது. 1889-ல் போட்ஸ்டாமில் ஹெர்மன் ஃபோகல் அதன் நிறமாலையைப் பதிவு செய்தார். மங்குவதற்கு முன் விண்மீன் நம்மைவிட்டு விலகுகிறது, மங்கிய பின் நெருங்குகிறது. கண்ணுக்குத் தெரியாத துணை ஒன்றோடு சேர்ந்து அது சுற்றுகிறது, அந்தத் துணைதான் மறைக்கிறது. குட்ரிக் கைவிட்ட விளக்கமே சரி!

டெல்டா செஃபிக்கு அந்த விளக்கம் பொருந்தவில்லை. அந்த வகை விண்மீன்கள் விரிந்து சுருங்குகின்றன என்று 1914-ல் ஹார்லோ ஷாப்லி வாதிட்டார். அதற்குள் ஹார்வர்டில் ஹென்ரியெட்டா லெவிட், காரணம் தெரியாமலேயே, அவற்றைக் கொண்டு அண்டத்தின் தூரங்களை அளக்க வழி கண்டிருந்தார். அவர் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)