லாஸ்கர் போட்ட 200 மணி நேரக் கணக்கு

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது அப்பாவோடு செஸ் ஆட உட்கார்ந்தேன். ஜெயிக்க வேண்டிய ஆட்டம். போர்டில் மிச்சம் இருந்தது ரெண்டு ராஜாவும் என்னோட ஒரே ஒரு சிப்பாயும்தான். சிப்பாயைக் கடைசிக் கட்டம் வரைக்கும் கொண்டுபோய் ராணியாக்கிட்டா கதை முடிந்தது. சந்தோஷத்தில் தள்ளு தள்ளு என்று தள்ளினேன். கடைசியில் அப்பாவோட ராஜாவுக்கு நகர இடமும் இல்லை, செக்கும் இல்லை. ஸ்டேல்மேட். ஆட்டம் டிரா.

"ராஜாவை முன்னாடி விட்டிருக்கணும்டா, சிப்பாய் பின்னாடி வரும்" என்றார் அப்பா, காயை டப்பாவில் போட்டுக்கொண்டே.

அவர் ஒரு செஸ் புத்தகத்தைக்கூடப் புரட்டியதில்லை. நானோ சிசிலியன் டிஃபென்ஸில் பதினைந்து மூவ் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன்! எங்கேயோ இடிக்குதே என்று யோசித்தபோதுதான் இமானுவல் லாஸ்கர் ஞாபகத்துக்கு வந்தார்.

லாஸ்கர் ஜெர்மன்காரர், 1868-ல் பிறந்தவர். 1894-ல் ஸ்டைனிட்ஸைத் தோற்கடித்து உலக சாம்பியன் ஆனார். 1921 வரை, அதாவது 27 வருஷம், பட்டத்தை விடவே இல்லை. இன்றைக்கு வரைக்கும் வேறு யாரும் அத்தனை வருஷம் தொடர்ந்து வைத்திருந்ததில்லை. மனுஷன் கணிதத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர் வேறு. 1905-ல் அவர் எழுதிய கட்டுரையில் இருந்து கிளம்பியதுதான் அல்ஜீப்ரா படிக்கிறவர்களுக்குத் தெரிந்த லாஸ்கர்-நோதர் தேற்றம்.

1920-களில் அவர் செஸ்ஸுக்கு ஒரு பெரிய பாடப்புத்தகம் எழுதினார். அதன் கடைசிப் பகுதியில் ஒரு கேள்வி கேட்கிறார்: செஸ்ஸே தெரியாத ஒரு இளைஞனை, பெரிய மாஸ்டர்கூட அவனுக்கு ஒரு காயை விட்டுக்கொடுத்து ஆடி ஜெயிக்க முடியாது என்கிற அளவுக்குக் கொண்டுவர எவ்வளவு நேரம் ஆகும்? நம்ம ப்ராஜெக்ட் மேனேஜர் எஸ்டிமேட் போடுகிற மாதிரியே கணக்கும் போட்டுக் கொடுத்திருக்கிறார்:

விதிகளும் பயிற்சியும் - 5 மணி
அடிப்படை எண்ட்கேம் - 5 மணி
சில ஓப்பனிங்குகள் - 10 மணி
காம்பினேஷன் - 20 மணி
பொசிஷனைப் புரிந்து ஆடுவது - 40 மணி
ஆடுவதும், ஆடியதை அலசுவதும் - 120 மணி

மொத்தம் 200 மணி நேரம். தனித் திறமை ஏதும் இல்லாதவனுக்கும் இது போதும் என்கிறார். (நாங்க போடுற எஸ்டிமேட் மாதிரி இல்லாம கூட்டினா சரியா வருது பாருங்க :-) )

இந்தப் பட்டியலை முதல் தடவை பார்த்தபோது எனக்குச் சுருக்கென்றது. ஓப்பனிங்குக்கு அவர் கொடுத்தது இருபதில் ஒரு பங்கு. அலசலோடு சேர்ந்த ஆட்டத்துக்குக் கொடுத்தது அறுபது சதவீதம். என் ஐந்து வருஷக் கணக்கை நேர்மையாகப் போட்டுப் பார்த்தால் ஓப்பனிங் வீடியோ பார்த்தது ஏராளம். ஆபீஸில் ஆணி குறைவான நேரங்களில் ஆடிய அஞ்சு நிமிஷ ஆட்டம் அதைவிட ஏராளம். தோற்ற ஆட்டத்தைத் திரும்ப எடுத்து உட்கார்ந்து பார்த்தது? முட்டை.

லாஸ்கர் மட்டும் சொன்னால் ஒருத்தரோட கருத்து என்று விட்டுவிடலாம். ஆனால் செஸ் சரித்திரத்தில் எங்கே கை வைத்தாலும் இதே சங்கதிதான் வருகிறது. 1921-ல் ஹவானாவில் லாஸ்கரிடம் இருந்து பட்டத்தைப் பறித்தவர் கியூபாக்காரர் காபபிளாங்கா. அதே வருஷம் அவர் ஆரம்பநிலைக்காரர்களுக்காக எழுதிய புத்தகம், ஓப்பனிங்கில் தொடங்கவில்லை. காய்கள் குறைந்த போர்டில் எப்படி செக்மேட் செய்வது, ஒற்றைச் சிப்பாயை எப்படி ராணியாக்குவது என்று கடைசியில் இருந்து தொடங்குகிறது. நான் அப்பாவிடம் கோட்டை விட்டது அந்த முதல் அத்தியாய விஷயம். சிப்பாய்க்கு முன்னால் நம்ம ராஜா போய் ஆறாவது வரிசையில் உட்கார்ந்துவிட்டால், அது ஓரத்துச் சிப்பாயாக இல்லாத பட்சத்தில், அடுத்த மூவ் யாருடையதாக இருந்தாலும் ஜெயம் நமக்குத்தான். இதைக் கற்றுக்கொள்ள அரை மணி நேரம் போதும். எனக்கு ஐந்து வருஷம் கிடைக்கவில்லை!

அப்புறம் போட்வின்னிக். சோவியத் நாட்டு எலக்ட்ரிகல் இன்ஜினியர், 1948-ல் உலக சாம்பியன். ஒருவன் தன் ஆட்டங்களை, முக்கியமாகத் தோல்விகளை, தானே அலச வேண்டும், அதை அச்சில் போட்டு நாலு பேர் குறை சொல்ல விட வேண்டும் என்பது அவர் கொள்கை. சொன்னதை அவர் செய்தும் காட்டினார். 1957-ல் ஸ்மிஸ்லோவிடம் பட்டத்தைத் தோற்று 1958-ல் மீட்டார். 1960-ல் 23 வயசு மிகையில் தாலிடம் தோற்றார். போட்வின்னிக்கு அப்போது கிட்டத்தட்ட ஐம்பது வயசு, முடிந்தது கதை என்றார்கள். அந்தத் தோல்விகளைப் பிரித்து மேய்ந்துவிட்டு 1961-ல் வந்து பட்டத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டார்.

அந்தத் தால் பெயரில்தான் 1972-ல் மானுவல் ஆரோன், சென்னை சோவியத் கலாசார மையத்தில் ஒரு செஸ் கிளப் தொடங்கினார். ஆரோன் 1961-லேயே இன்டர்நேஷனல் மாஸ்டர், இந்தியாவின் முதல் ஆள். அந்தக் கிளப்புக்கு வந்த பையன்களில் ஒருவர் விஸ்வநாதன் ஆனந்த். அங்கே ஜெயிக்கிறவர் உட்கார்ந்தே இருக்கலாம், தோற்றவர் எழுந்து வரிசையில் பின்னால் போக வேண்டும். "பாத்தியா, ஆனந்தும் வேகமாத்தானே ஆடினார்" என்று நானும் ரொம்ப நாள் சால்ஜாப்பு சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் அவர் சின்ன வயதில் மணிலாவில் இருந்த கதையை வசதியாக மறந்துவிட்டேன். அங்கே டிவியில் தினமும் ஒரு செஸ் புதிர் வரும். பையன் பள்ளிக்கூடத்தில் இருப்பான். அம்மா சுசீலா அதை எழுதி வைப்பார். சாயந்திரம் ரெண்டு பேரும் சேர்ந்து விடை கண்டுபிடித்து அனுப்புவார்கள். பரிசு புத்தகம். கடைசியில் 'வேண்டிய புத்தகத்தை எல்லாம் எடுத்துக்கோ, இனிமே விடை அனுப்பாதே' என்று சொல்லிவிட்டார்களாம்.

புதிர் ஏன் முக்கியம் என்பதற்கு 1973-ல் சேஸ், சைமன் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட சோதனை பதில் சொல்கிறது. ஒரு போர்டை ஐந்து வினாடி காட்டி மறைத்தால், மாஸ்டர் பெரும்பாலான காய்களைத் திரும்ப அடுக்கிவிடுகிறார், புதியவர் திணறுகிறார். காய்களைத் தாறுமாறாக இறைத்துக் காட்டினாலோ மாஸ்டரும் நம்மைப் போலவே திணறுகிறார். ஆக, அவருக்கு அபார ஞாபகசக்தி எல்லாம் இல்லை. பழகிய வடிவங்கள் மண்டையில் சேர்ந்திருக்கின்றன, அவ்வளவுதான்.

இப்போது கம்ப்யூட்டர் இருக்கிறதே என்பீர்கள். 1997-ல் டீப் ப்ளூ காஸ்பரோவையே தோற்கடித்தது, இன்று கைபேசியில் இருக்கும் எஞ்சின் அதைவிட பலம். ஆனால் 2024-ல் 18 வயதில் உலக சாம்பியன் ஆன நம்ம குகேஷை, கோச் விஷ்ணு பிரசன்னா ஆரம்ப வருஷங்களில் எஞ்சின் பக்கமே விடவில்லை. விடையை அது சொல்லிவிட்டால் நாம் யோசிக்க மாட்டோம். கூகுளில் இருந்து கோடை அப்படியே ஒட்டுகிறவர்களுக்கு இது புரியும். (என்னையும் சேர்த்துத்தான்.)

எல்லாம் படித்துவிட்டு ஒரு நாள் அப்பாவுக்கு போன் போட்டு, "நீங்க எப்படிப்பா கத்துக்கிட்டீங்க?" என்றேன். பஸ் ஸ்டாண்ட் பக்கத்து சைக்கிள் கடை வாசலில் ஆடுவார்களாம். "ஒரு ஆட்டம் ஒரு மணி நேரம்னா, அதைத் திருப்பி அடுக்கி, 'இங்க குதிரையை எடுத்திருந்தா என்ன ஆகியிருக்கும்'னு சண்டை போடறது ரெண்டு மணி நேரம்" என்றார். லாஸ்கர் பெயரைக்கூட அவர் கேள்விப்பட்டதில்லை. ஆனால் அந்த 120 மணி நேரத்தை சைக்கிள் கடை வாசலிலேயே முடித்துவிட்டார்.

200 மணி நேரத்தை ஒரு வருஷத்துக்குப் பிரித்தால் நாளைக்கு 33 நிமிஷம்தான் வருகிறது. நானும் ஒரு நோட்டு வாங்கிவிட்டேன். வாரம் ரெண்டே ஆட்டம், நிதானமாக. எங்கே கோட்டை விட்டேன் என்று முதலில் என் கையால் எழுதுவது, அப்புறம்தான் எஞ்சினைத் திறப்பது. தினம் நாலு புதிர், காயைத் தொடாமல். ஓப்பனிங் வீடியோவுக்குத் தடா.

லாஸ்கர் 1935-ல் மாஸ்கோ போட்டியில் 66 வயதில் ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் மூன்றாவதாக வந்தார், காபபிளாங்காவுக்கும் மேலே. அப்படிப் பார்த்தால் எனக்கு இன்னும் நிறைய டைம் இருக்கிறது. அப்பாவுக்கு 61 வயசுதான் ஆகிறது, அவருக்கும் இருக்கிறது என்பதுதான் கவலை.

டிஸ்கி: அடுத்த பொங்கலுக்கு என்ன ஆச்சு என்று யாரும் கேட்கக்கூடாது.