தாய் மறக்கவும் கூடும்: கிறித்தவ மரபில் ஓர் ஒப்பீடு

இறைவனின் அன்பைப் பெற்றோரின் அன்போடு ஒப்புநோக்குதல் கிறித்தவத்துக்கு மட்டும் உரியதன்று. திருவாசகம் பயின்ற எமக்கு இறைவனைத் தாயினும் மேலானவனாகக் காணும் நெறி புதிதன்று. ஆயின், இவ்வொப்பீடு அமைதி நிறைந்த இல்லறச் சூழலில் முகிழ்த்ததெனக் கொள்வது பொருந்தாது. கிறித்தவ மரபில் அது கூர்மை பெற்ற இரு சந்தர்ப்பங்கள், பெற்றோரன்பே முறிந்துபோனதை மக்கள் கண்ட காலங்களை அடுத்து வந்தவை.

கிறித்தவர் யூதரிடமிருந்து பெற்ற மறைநூல்களுள் ஒன்று ஏசாயா. அதன் 40 முதல் 55 வரையான அதிகாரங்கள், கி.மு. 586 அளவில் எருசலேம் பாபிலோனியரிடம் வீழ்ந்தபின், நாடுகடத்தப்பட்டோரை நோக்கி எழுந்தவை என்பது ஆய்வாளர் பலரின் முடிபாகும். அதன் 49ஆம் அதிகாரம், பாலூட்டும் தாய் தன் மகவை மறப்பாளோ என வினவுகின்றது. மறவாள் என்பதே நாம் எதிர்பார்க்கும் விடை. தீர்க்கதரிசியோ, அவள் மறத்தலுங் கூடும் என ஒப்புக்கொண்டே, கடவுள் மறவார் என்கின்றார். இஃது வெறும் அணிநயமன்று. முற்றுகைக்காலப் பஞ்சத்திலே தாயர் தம் மக்களையே உணவாக்கிய கொடுமையைப் புலம்பல் நூல் கூறுகின்றது. அதனை அறிந்த மக்களிடம், தாயன்பு ஒருபோதும் பொய்க்காது என ஒருவர் கூறியிருப்பின் எவர் நம்பியிருப்பர்?

மத்தேயு 7ஆம் அதிகாரத்தில் இயேசு கையாள்வது நம் தருக்க நூலார் கைமுதிக நியாயம் என்பதனை ஒத்தது. குறையுடைய தந்தையரே பிள்ளைகளுக்கு நல்லன கொடுப்பாராயின், விண்ணகத் தந்தையைச் சொல்லவும் வேண்டுமோ என்பது அவ்வாதம். மானிடப் பெற்றோரின் குறை இங்கும் மறைக்கப்படவில்லை.

இரண்டாவது சந்தர்ப்பம் கி.பி. 14ஆம் நூற்றாண்டினது. 1348இல் புளோரன்சைக் கொள்ளைநோய் பற்றியபோது, தந்தையரும் தாயரும் தம் பிள்ளைகளைப் பிறர் பிள்ளைகள்போலக் கைவிட்டனர் எனப் பொக்காச்சியோ எழுதினார். மறு ஆண்டு அந்நோய் இங்கிலாந்தின் நோர்விச் நகரையும் அடைந்தது. 1361இல் அது மீண்டும் வந்தபோது சிறுவர் பெருந்தொகையினர் மாண்டனர். அந்நகரில் தேவாலயச் சுவரை ஒட்டிய அறையொன்றில் அடைபட்டு வாழ்ந்த துறவியே யூலியன் அம்மையார். அவரது இயற்பெயரைக்கூட நாம் அறியோம்; அத்தேவாலயத்தின் பெயராலேயே அவர் வழங்கப்படுகின்றார்.

அம்மையார் இயேசுவைத் தாய் என்றார். அன்செல்ம் போன்றோர் முன்னரே அவ்வாறு கூறியுள்ளமையால் இதிற் புதுமையில்லை. ஒப்பீட்டின் திசையைத் திருப்பியமையே அவரது தனித்துவம். கடவுள் தாயைப் போன்றவர் என்பதோடு அவர் நின்றாரில்லை. தாய்மை முதற்கண் கடவுளுக்கே உரியது. மானிடத் தாயரின் அன்பு அதன் பங்கு என்றார். மண்ணுலகத் தாய் தன் பிள்ளை அழிவதற்கு இடந்தரவுங் கூடும், இயேசுவோ அதற்கு இடந்தரார் என்றும் எழுதினார். ஏசாயாவின் அதே ஒப்புதல் இங்கு ஒலிக்கின்றது. எனினும் மானிடத் தாயரை இழித்துரைக்கும் சொல் அவரிடம் இல்லை.

1373 மே மாதத்தில், முப்பது வயதளவில், அவர் சாகுந் தறுவாயிற் கிடந்தபோதே காட்சிகளைக் கண்டார். முதலில் எழுதிய சுருக்கநூலில் ஒரு செய்தி உண்டு. அருகே நின்ற அன்னை, மகள் இறந்தாளெனக் கருதி, கண்களை மூடக் கையை உயர்த்தினாராம். தாம் விரும்பிக் கண்டுகொண்டிருந்த இயேசுவை அக்கை மறைத்துவிடும் என மகளின் துயர் பெருகிற்று. ஏறத்தாழ இருபதாண்டுச் சிந்தனையின்பின் விரித்தெழுதிய நூலிலேயே தாய்மைக் கோட்பாடு இடம்பெறுகின்றது. அவ்விரிவில் அன்னையின் கை காணப்படவில்லை.