பேட்டையும் குடியிருப்பும்

முன்னுரை

தமிழகத்து ஊர்ப்பெயர்களுள் ‘பேட்டை’ என முடிவன மிகப் பலவாம். பெருநகரின் அருகே சந்தையும் கைத்தொழிலும் கொண்டு விளங்கிய பகுதிகளே பெரும்பாலும் இப்பெயர் பெற்றன. திருத்தணிகை மலைக்கு அணித்தாய், ஆந்திர எல்லையை ஒட்டி அமைந்த ஆர்.கே.பேட்டை, அஃதாவது இராமகிருஷ்ணராஜுப்பேட்டை, அவற்றுள் ஒன்று. 1960 ஏப்ரல் முதல் நாளில் திருத்தணிப் பகுதி ஆந்திர மாநிலத்தினின்று பிரிந்து சென்னை மாநிலத்தோடு இணைந்தது. இன்று இவ்வூர் திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. இவ்வூரும் இதனைச் சூழ்ந்த ஊர்கள் பலவும் நெசவுத்தொழிலால் பெயர் பெற்றவை.

நெசவாளர் வீட்டை ஊன்றி நோக்குவார்க்கு ஓர் உண்மை புலனாகும். குழித்தறி அமைந்த வீட்டில் தரையை அகழ்ந்து மிதிகளைப் பொருத்தியிருப்பர். நெய்பவர் அக்குழியிற் கால்களை இறக்கி அமர்ந்தே நெய்தல் வேண்டும். பாவினை நீட்டிக் கஞ்சியிட்டு உலர்த்துதற்கு வீட்டின் நீளம் போதாது. நேரிய நெடுந்தெரு வேண்டும். ஆகவே நெசவாளர்க்கு வீடே தொழிற்களம். தெரு அத்தொழிற்களத்தின் தொடர்ச்சி. இத்தகையோரை நான்காம் மாடியிற் குடியேற்றின், அவர்க்கு உறைவிடம் கிடைக்கும், பிழைப்பு கிடையாது. கைத்தறியின் இடத்தை விசைத்தறி பெரிதும் பற்றிக்கொண்ட இந்நாளிலும் இவ்வுண்மை மாறிற்றில்லை.

இதனையே அளவுகோலாகக் கொண்டு, சென்னை மாநகரில் எளிய மக்களுக்கென எழுந்த பொதுக் குடியிருப்புகளின் வரலாற்றையும், பழுதுற்ற குடியிருப்புகளையும் அவற்றின் சூழலையும் புதுக்கும் முயற்சிகளையும் ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சேரி என்னும் சொல்

சங்க நூல்களிற் ‘சேரி’ என்பது மக்கள் சேர்ந்து வாழும் இடத்தைக் குறித்தது. இழிவுப் பொருள் அதற்கு இல்லை. முதலாம் இராசராசன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டுகள் ஊர்நிலத்தைப் பகுத்துரைக்குமிடத்துக் கம்மாணச்சேரி, பறைச்சேரி முதலியவற்றைக் குறிப்பிடுகின்றன. தொழிலாலும் குலத்தாலும் மக்கள் தனித்தனியே பிரித்து வைக்கப்பட்டமை இவற்றாற் பெறப்படும். அப்பிரிவு போற்றத்தக்கதன்று. எனினும், அச்சேரிகள் ஊர்நிலத்தின் எல்லைக்குள்ளேயே எண்ணப்பட்டன என்பதும் கருதத்தக்கது. உழுபவரும் கொல்லரும் தச்சரும் தத்தம் தொழில் நிகழும் ஊரிலேயே வாழ்ந்தனர்.

பிற்காலத்தே சொல்லின் பொருள் தாழ்ந்தது. நகரம் பெருகிய காலை, ஆற்றங்கரையிலும் கால்வாய்க்கரையிலும் ஓலையும் தகரமும் கொண்டு எழுந்த குடில்களின் தொகுதிக்குச் சேரி என்பதே பெயராயிற்று. அரசு அதனைக் ‘குடிசைப் பகுதி’ என்றது. இப்பெயர் மாற்றத்தில் நோக்கும் மாறிற்று. சேரி என்னுங்கால் சேர்ந்து வாழும் மக்கள் முன்நின்றனர். குடிசை என்னுங்கால் கூரையே முன்நின்றது.

கும்பினியார் அமைத்த பேட்டைகள்

தொழிலாளர்க்கெனத் திட்டமிட்டுக் குடியிருப்பு அமைத்தல் சென்னைக்குப் புதிதன்று. 1717 முதல் 1720 வரை சென்னையின் ஆளுநராய் இருந்த ஜோசப் காலெட் என்பார், திருவொற்றியூர்ப் பகுதியில் நெசவாளர்க்கென ஓர் ஊரை அமைத்தார். அவர் பெயரால் காலெட்பேட்டை என வழங்கிய அவ்வூர், மக்கள் நாவிற் திரிந்து காலடிப்பேட்டை ஆயிற்று. பின்னர் 1734இல், ஆளுநர் ஜார்ஜ் மார்ட்டன் பிட் காலத்தில், சுங்குராமர் என்னும் வணிகரின் தோட்டம் இருந்த நிலத்தில், கூவம் ஆறு வளைந்தோடும் இடத்தே சிந்தாதிரிப்பேட்டை தோன்றியது. நூற்போரும் நெய்வோரும் துணிக்கு வண்ணம் தீட்டுவோரும் ஆங்குக் குடியேறினர். ‘சின்னத் தறிப்பேட்டை’ என்பதே சிந்தாதிரிப்பேட்டை ஆயிற்று என்று கூறும் வழக்கும் உண்டு.

இவ்விரு பேட்டைகளும் அருளால் எழுந்தவை அல்ல. ஏற்றுமதிக்குரிய துணி கோட்டைக்கு அருகிலேயே கிடைத்தல் வேண்டும் என்னும் வாணிக நோக்கே அவற்றிற்குக் காரணம். ஆயினும் அவ்வாணிகர் ஒன்றை நன்கு அறிந்திருந்தனர். நெசவாளரைத் தொலைவிற் குடியமர்த்தினால் துணி வாராது. வீடு மட்டும் கட்டினும் அவர் தங்கார். தெருவும் கடையும் கோயிலும் உடன் அமைந்தாலன்றி ஊர் நிலைபெறாது. ஊதியம் கருதியோர் உணர்ந்த இதனை, பிற்காலத்தே நலம் கருதியோர் பல வேளைகளில் மறந்தனர் என்பது பின்வருவனவற்றால் விளங்கும்.

வாரியங்களின் தோற்றம்

1945ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழிச் சென்னை நகர மேம்பாட்டுக் குழுமம் உருப்பெற்றது. அதன் பணிகளை 1961இல் தோன்றிய வீட்டு வசதி வாரியம் ஏற்றது. எளியோரிலும் எளியோர்க்கெனத் தனி அமைப்பு வேண்டும் என்னும் எண்ணம் வலுப்பெற, கலைஞர் மு. கருணாநிதி முதலமைச்சராய் இருந்தபோது, 1970 செப்டம்பரில் தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் நிறுவப்பட்டது. குடிசைப் பகுதிகள் பற்றிய சட்டம் 1971இல் நிறைவேறியது. அச்சட்டத்தின் பெயரிலேயே ‘மேம்பாடு’, ‘அகற்றல்’ என்னும் இரு சொற்களும் இடம்பெற்றன. பின்வந்த அரை நூற்றாண்டு வரலாறு, இவ்விரண்டனுள் எது மேலோங்கிற்று என்பதன் வரலாறே எனலாம்.

1971இல் எடுத்த கணக்கின்படி சென்னையில் இருந்த குடிசைப் பகுதிகள் 1,202. முதற்காலத்தில் வாரியம், குடிசைகள் இருந்த இடத்திலேயே மூன்று நான்கு தளங்கள் கொண்ட கட்டடங்களை எழுப்பியது. மக்கள் இவற்றை ‘ஹவுசிங் போர்டு’ என்றே வழங்கினர். வீடுகளுட் பல 250 சதுர அடிக்கும் குறைந்தவை. எனினும் இருந்த இடம் பெயராமையின், கூலி வேலையும் பள்ளியும் அங்காடியும் அவர்க்குக் கைவிட்டுப் போகவில்லை. இது அம்முறையின் பெருஞ்சிறப்பு.

குறை வேறோரிடத்தில் இருந்தது. கட்டுதற்குப் பொருள் ஒதுக்கினர். பேணுதற்கு ஒதுக்கியது சிறிது. கழிவுநீர்க் குழாய் உடைந்தால் யார் செப்பனிடுவது, படிக்கட்டின் விளக்கு யாருடையது என்பனவற்றிற்குத் தெளிந்த விடை இல்லை. கடற்காற்றும் மழைநீரும் காரையைத் தின்றன. இரும்புக் கம்பி துருவேறிப் பருத்துக் கற்காரையைப் பிளந்தது. நாற்பது ஐம்பது ஆண்டுகளில் அக்கட்டடங்கள் பல குடியிருப்போர்க்கே அச்சம் தருவனவாயின.

மனையும் வசதியும்

1977இல் உலக வங்கியின் துணையோடு சென்னை நகர்ப்புற வளர்ச்சித் திட்டம் தொடங்கிற்று. வீட்டை முழுதும் கட்டித் தருதலை விடுத்து, சிறு மனை, குடிநீர், கழிவுநீர், சாலை ஆகியவற்றை அரசு அளிக்க, வீட்டைக் குடியேறுவோரே தம் வருவாய்க்கேற்பச் சிறிது சிறிதாகக் கட்டிக்கொள்ளும் முறை இதன்கண் மேற்கொள்ளப்பட்டது. அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகியன இவ்வாறு அமைந்தவை. பழைய குடிசைப் பகுதிகளிலும் மக்களை அகற்றாது, இருக்கும் நிலத்தையே உரிமையாக்கும் முயற்சி நடைபெற்றது. நிலம் தமதென்னும் உறுதி பெற்றவர் அதனைப் பேணுவர் என்பது இதன் அடிப்படை. இன்று இப்பகுதிகள் நகரின் பிற பகுதிகளினின்று வேறு பிரித்தறிய இயலாதவாறு கலந்துவிட்டன.

தொலைவுக் குடியேற்றம்

2000ஆம் ஆண்டை ஒட்டி நிலை மாறிற்று. நகர நிலத்தின் விலை ஏறியது. கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய் ஆகியவற்றின் கரைகளைத் தூய்மை செய்யும் திட்டங்கள் எழுந்தன. கரைவாழ் மக்கள் நகரின் தென்புறத்தே ஏறத்தாழ 20 கிலோமீட்டரும் அதற்கு மேலும் தொலைவில் குடியேற்றப்பட்டனர். ஒக்கியம் துரைப்பாக்கத்தில் எழுந்த கண்ணகி நகரில் 15,656 வீடுகள், செம்மஞ்சேரியில் 6,764, பெரும்பாக்கத்தில் 20,000க்கும் மேற்பட்டவை. 2004 டிசம்பர் 26இல் நேர்ந்த ஆழிப்பேரலைக்குப் பின் மீனவக் குடும்பங்கள் சில செம்மஞ்சேரிக்கும், 2015 டிசம்பர் வெள்ளத்திற்குப் பின் அடையாற்றுக் கரையினர் பலர் பெரும்பாக்கத்திற்கும் சென்றனர்.

ஆற்றங்கரை வாழ்க்கை இடர் மிக்கது என்பதில் ஐயமில்லை. 2015 வெள்ளமே அதற்குச் சான்று. எனவே கரையினின்று பெயர்த்தல் தவறு என யாம் கூறுகின்றிலேம். பெயர்த்த தொலைவும் பெயர்த்த முறையுமே ஆராய்தற்குரியன. வீட்டுவேலை செய்த பெண்டிர்க்கு, வேலை தந்த வீடுகள் நகரின் நடுவே நின்றுவிட்டன. பேருந்திற் சென்றுவரும் நேரமும் செலவும் ஊதியத்தைத் தின்றன. கடலோரத்து மீனவர்க்குக் கடல் எட்டாததாயிற்று. கல்வியாண்டின் நடுவே பெயர்க்கப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகளுட் பலர் பள்ளியை விட்டு நின்றனர். புதிய வீட்டைப் பூட்டிவிட்டுப் பழைய இடத்தின் அருகே வாடகைக்குக் குடிபுகுந்தோரும் உளர். அன்று நெசவாளரைக் கூவத்தின் கரைக்கு வரவழைத்த நகரம், இன்று தன் உழைப்பாளரை அக்கரையினின்று அகற்றியது. சிந்தாதிரிப்பேட்டையை அமைத்த வாணிகர் இவ்வாறு செய்யத் துணியார்.

புதுக்கும் முயற்சிகள்

பழைய குடியிருப்புகளை இருந்த இடத்திலேயே இடித்துக் கட்டும் பணிக்குப் புளியந்தோப்பின் கேசவப்பிள்ளைப் பூங்கா சிறந்த எடுத்துக்காட்டாகும். ஆங்குப் பன்மாடிக் கட்டடங்களில் 1,920 வீடுகள் எழுந்தன. மக்கள் தம் பகுதியிலேயே, முன்னினும் பெரிய வீட்டைப் பெறும் வாய்ப்பு இதனால் உண்டாயிற்று. ஆனால் 2021 ஆகஸ்டில், குடியேறிய சின்னாட்களிலேயே சுவர்ப்பூச்சு கையால் தொட்ட அளவில் உதிர்ந்தமை பெருங்கிளர்ச்சியை விளைத்தது. கட்டடத்தின் தரத்தை ஆராயும் பொறுப்பு சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திடம் ஒப்படைக்கப்பட்டது. அக்குறையை வெளிப்படுத்தியவர் குடியிருப்போரே என்பது நோக்கத்தக்கது.

அவ்வாண்டே டிசம்பர் 27ஆம் நாள், திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் 24 வீடுகள் கொண்ட பழைய கட்டடம் ஒன்று முற்றும் இடிந்து வீழ்ந்தது. விரிசலைக் கண்ட மக்கள் முன்னரே வெளியேறியமையால் உயிரிழப்பு நேரவில்லை. காலெட் நெசவாளர்க்கு ஊரமைத்த அதே திருவொற்றியூரில், முந்நூறு ஆண்டுகட்குப் பின் நிகழ்ந்த இந்நிகழ்ச்சி ஒன்றை உணர்த்துகின்றது. கட்டடத்தின் நோயை முதலில் அறிபவர் அதில் உறைபவர். அவர் சொல் உரிய இடத்தை எட்டும் வழி இல்லையேல், பொறியியல் அறிவு காலத்தே பயன்படாது.

2021இலேயே வாரியத்தின் பெயர் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என மாற்றப்பட்டது. குடியிருப்போர் சங்கங்கள் பராமரிப்புத் தொகை திரட்ட, அதற்கு ஈடான தொகையை அரசும் அளிக்கும் ‘நம் குடியிருப்பு நம் பொறுப்பு’ என்னும் திட்டமும் வந்தது. படிக்கட்டின் விளக்கு யாருடையது என்னும் பழைய வினாவிற்கு இது விடை காண முயல்கின்றது.

தொலைவில் அமைந்த குடியிருப்புகளும் தாமே உயிர்ப்புறத் தொடங்கியுள்ளன. 2020இன் தொடக்கத்தில் கண்ணகி நகரின் கட்டடச் சுவர்களில் மாபெரும் ஓவியங்கள் தீட்டப்பட்டன. சுவர் அழகுற்றமை நன்றே. அதனினும் பெரிது, 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடைபெற்ற ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் கபடி அணியில் கண்ணகி நகர்ப் பெண்ணொருவர் இடம்பெற்றமை. முகவரி கேட்ட அளவில் வேலை மறுக்கப்படுவதாக மக்கள் வருந்திய ஊரின் பெயர், அன்று பெருமையோடு ஒலித்தது. ஒரு விளையாட்டுத்திடலும் ஒரு பயிற்சியாளரும் ஆற்றும் பணியைச் சுண்ணாம்பும் வண்ணமும் தனித்து ஆற்றா.

சிங்கப்பூர் காட்டும் நெறி

தமிழர் பலர் வாழும் சிங்கப்பூரின் வரலாறு ஈண்டு ஒப்பிடத்தக்கது. ஆங்கு வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1960இல் தோன்றியது. 1961 மே 25இல் புக்கிட் ஹோ சுவீ என்னும் குடிசைப் பகுதி தீக்கிரையாக, ஏறத்தாழ 16,000 மக்கள் வீடிழந்தனர். கழகம் எரிந்த நிலத்திலேயே அடுக்குமாடி வீடுகளை எழுப்பியது. பின்னர் 1995இல், பழைய கட்டடங்களைத் தேர்ந்து இடித்து, அவற்றில் வாழ்ந்தோர்க்கு அருகிலேயே புதிய வீடு அளிக்கும் திட்டத்தைத் தொடங்கியது. பழைய அண்டை அயலார் புதிய இடத்திலும் அண்டை அயலாராகவே வாழ இதனால் இயன்றது. வீடுகளோடு உணவங்காடி, பள்ளி, மருந்தகம், பேருந்து நிலையம் ஆகியன ஒருங்கே அமைந்தமை அந்நாட்டு முறையின் உயிர்நாடி. சிறிய தீவு, உறுதியான நிதி, நிலம் கையகப்படுத்தும் பெரிய அதிகாரம் ஆகியன அவர்க்கு வாய்த்தன; நமக்கு அவை வாயா. எனினும் அருகிலேயே குடியமர்த்தும் கொள்கைக்கு அத்துணைப் பெருஞ்செல்வம் வேண்டுவதில்லை.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றாற் பெறப்படுவன வருமாறு: பொதுக் குடியிருப்பைப் புதுக்குதல் என்பது கட்டடத்தைப் புதுக்குதலோடு முடிவதன்று. அங்கு வாழ்வார் தம் தொழிலிடத்திற்கு நாள்தோறும் சென்றுவரத்தக்க தொலைவில் வீடு அமைதல் வேண்டும். பேணும் பொறுப்பும் பொருளும் கட்டும்போதே வரையறுக்கப்படல் வேண்டும். குடியிருப்போர் சொல் அலுவலர் செவியை எட்டும் வாயில் என்றும் திறந்திருத்தல் வேண்டும். ஆற்றங்கரை போன்ற இடங்களினின்று பெயர்த்தே தீரவேண்டிய நிலையில், மக்கள் செல்வதற்கு முன்னரே பள்ளியும் மருத்துவமனையும் பேருந்தும் ஆங்குச் சென்றிருத்தல் வேண்டும்.

வாரியத்தின் பெயரில் ‘குடிசை’ நீங்கி ‘வாழ்விடம்’ புகுந்தது. சேரி என்னும் பழஞ்சொல் இழந்த பொருளை இப்புதுச்சொல் மீட்டுள்ளது. பெயருக்கேற்பச் செயலும் அமைதல் வேண்டும். அரசவையில் நின்று நீதி கேட்டவளின் பெயரை ஒரு குடியிருப்பிற்கு இட்டபின், அங்கு வாழ்வார் கேட்கும் வினாக்களுக்கு விடை கூறுதல் இட்டவர்க்குக் கடனாகும்.