மணிக்கணக்கு மட்டும் போதாது: நடுத்தர உயர மரக்கட்டடங்களும் தீப்பாதுகாப்பு விதிகளும்

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் 2009இல் ஆறு மாடி மரச்சட்டக் குடியிருப்புகளை அனுமதித்தது. தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2015இல் அந்த உயரத்தை ஏற்றது. அதன் 2020ஆம் ஆண்டுப் பதிப்பு, ஜிப்சம் பலகையால் மூடிய கனமரக் கட்டுமானத்துக்குப் பன்னிரண்டு மாடி வரை இடம் தந்தது. இவ்விதிகள் யாவும் பாதுகாப்பை மணிக்கணக்கில் அளக்கின்றன: இந்த உறுப்பு ஒரு மணி நேரம் தீயைத் தாங்க வேண்டும், அந்த உறுப்பு இரண்டு மணி நேரம் தாங்க வேண்டும் என்று. மரத்தைப் பொறுத்தவரை இந்த அளவுகோல் முக்கியமான கேள்வியைக் கேட்பதே இல்லை என்பது என் வாதம். தீ தணிந்த பின்னும் கட்டடம் நிற்குமா என்பதே அக்கேள்வி.

தீத்தாங்கு நேரம் உலைச் சோதனையில் பிறப்பது. அந்த உலையில் வெப்பம் ஏறிக்கொண்டே போகும். தணியும் கட்டம் அதில் கிடையாது. கான்கிரீட் அறையில் சாமான்கள் எரிந்து தீர்ந்தால் தீயும் தீரும். மர அறையிலோ சுவரும் மேல்தளமுமே எரிபொருள். மென்மரம் நிமிடத்துக்குச் சுமார் 0.65 மி.மீ. ஆழம் கரியாகிறது. பலகைகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிய தளத்தில் முதல் அடுக்கு 35 மி.மீ. தடிமன் என்றால், ஏறத்தாழ 54 நிமிடங்களில் கரி பசையை எட்டிவிடும். பசை இளகினால் காப்பாக இருந்த கரிப்படலம் உதிரும், புதுமரம் வெளிப்படும், தணிய வேண்டிய தீ மறுபடி மூளும். வட அமெரிக்காவின் பிஆர்ஜி 320 தரநிலை 2018இல் பசையின் வெப்பத்தாங்குதிறனுக்குக் கடுமையான சோதனையைக் கட்டாயமாக்கியது. கூடுதலாக அரைமணி நேரம் கோருவதைவிட இது பயனுள்ள திருத்தம் என்றே கருதுகிறேன்.

தூண்களின் நிலை இன்னும் கவலைக்குரியது. ஐரோப்பிய மரவடிவமைப்பு விதி யூரோகோடு 5-இன்படி, 100 பாகை செல்சியசில் மரத்தின் அழுத்த வலிமை கால்பங்காகக் குறைகிறது. கரியாவதற்கு வேண்டிய சுமார் 300 பாகைக்கு இது எவ்வளவோ கீழே. சுடர் அடங்கிய பிறகும் வெப்பம் உள்நோக்கிப் பரவிக்கொண்டிருப்பதால், தீயணைப்பு வீரர்கள் உள்ளே நுழையும் வேளையில்கூடத் தூண் நொறுங்கக்கூடும். அமெரிக்காவில் பின்பற்றப்படும் 2024ஆம் ஆண்டு விதித்தொகுப்பு, பன்னிரண்டு மாடி வகையில் மேல்தளத்தின் அடிப்பரப்பு முழுவதையும் மூடாமல் விட இசைகிறது. உதிராத பசை இருக்கும்வரை அதை ஏற்கலாம். சுமைதாங்கும் தூணுக்கு அதே சலுகையை நீட்டக் கூடாது.

தானியங்கி நீர்த்தெளிப்பான்கள் இருக்க இத்தனை கவலை எதற்கு என்பர். அவை பெரும்பாலான தீயை முளையிலேயே அடக்குகின்றன, உண்மை. ஆனால் வான்கூவர் நிலநடுக்க அபாயமுள்ள பகுதி. குழாய் உடைந்தால் மிஞ்சுவது மரமும் ஜிப்சமும்தான். கட்டுமானக் காலத்தில் அந்த ஜிப்சமும் இராது. 2011இல் ரிச்மண்ட் நகரில் கட்டிக்கொண்டிருந்த ஆறு மாடி மரச்சட்டக் கட்டடம் எரிந்தது அத்தகைய கட்டத்தில்தான். வேலை நடக்கும் தளத்துக்கு நான்கு நிலைகளுக்கும் கீழே உள்ள தளங்களில் காப்புப்பலகை பொருத்தாமல் மேலே எழுப்பக் கூடாது என்கிறது அமெரிக்கத் தீ விதித்தொகுப்பு. அந்தக் கட்டுப்பாடு ஆறு மாடியைத் தாண்டிய கனமரக் கட்டடங்களுக்கு மட்டுமே. அதை நான்கு மாடியிலிருந்தே தொடங்கி, இடைவெளியை இரண்டு நிலைகளாகச் சுருக்கி, மெல்லிய சட்டக் கட்டடங்களுக்கும் விரிக்க வேண்டும்.