இருட்டில் கேட்ட குரல்: திருவனந்தபுரத்தில் ‘நான்’ பற்றிய விசாரணை

எதிரே வருபவர் எத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்பதைச் சாதி தீர்மானித்த நாடு திருவிதாங்கூர். அங்கே ‘நீ யார்’ என்பது வேதாந்திகளின் கேள்வியாக மட்டும் இருந்திருக்க முடியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அதன் தலைநகரில் ‘நான்’ பற்றி நடந்த விசாரணையைச் சாதியிலிருந்து பிரித்துப் படிப்பது பிழை என்பதே என் வாதம்.

தொடக்கத்தில் இது தமிழோடு பிணைந்த விசாரணை. தைக்காடு ரெசிடென்சியில் மேலாளராக இருந்த அய்யாவு சுவாமிகள் (1814–1909) செங்கல்பட்டுப் பக்கத்துத் தமிழர். பின்னாளில் கேரளச் சீர்திருத்தவாதிகளாக அறியப்பட்ட சட்டம்பி சுவாமிகளும் நாராயண குருவும் அவரிடம் யோகம் பயின்றார்கள். மகாராஜா கல்லூரியில் தத்துவம் கற்பித்த, ‘மனோன்மணீயம்’ (1891) எழுதிய பெ. சுந்தரம் பிள்ளையும் அவருடைய வட்டத்தில் இருந்தார். ‘நான்’ யார் என்பதற்கு அங்கே விடைகள் இரண்டு. சைவ சித்தாந்தத்துக்கு உயிர் மெய். அதை மறைக்கும் ஆணவமும் மெய். அத்வைதத்துக்கோ தனித்தனி ‘நான்’ என்பதே தோற்றம். இந்த இரண்டு விடைகளும் அன்று ஒரே ஊரில் அடுத்தடுத்துப் புழங்கின.

செம்பழந்தியில், ஒடுக்கப்பட்ட ஈழவச் சாதியில் பிறந்த நாராயண குரு (1856–1928) மருத்துவாமலைக் குகையில் தவமிருந்தவர். ‘ஒழிவிலொடுக்கம்’ என்னும் தமிழ் நூலிலிருந்து மலையாளத்துக்கு மொழிபெயர்க்கும் அளவுக்குத் தமிழ் அறிந்தவர். அவர் சாதிக்கு அந்த உரிமை மறுக்கப்பட்டிருந்த காலத்தில், 1888இல் அருவிப்புரத்தில் சிவனைப் பிரதிட்டை செய்தார். 1896இல் பேட்டையைச் சேர்ந்த டாக்டர் பல்பு, ஈழவருக்கு அரசுப் பணியும் கல்வியும் கேட்டு, 13,176 பேர் கையொப்பமிட்ட விண்ணப்பத்தை மன்னரிடம் அளித்தார். அதற்கு மறு ஆண்டு குருவின் ‘ஆத்மோபதேச சதகம்’ உருவானது. இரண்டையும் பக்கத்தில் வைத்துத்தான் படிக்க வேண்டும்.

சதகத்தில் ஒரு காட்சி. இருட்டில் இருவர் இருக்கிறார்கள். யாரது என்று ஒருவர் கேட்க, மற்றவரும் அதையே திருப்பிக் கேட்கிறார். இருவர் வாயிலும் வரும் விடை ஒன்றே: நான். உள்நோக்கிப் பார்த்தால் பலவாகத் தெரியும் தன்முனைப்புகள் வேறு, அவற்றின் ஊடே தொடரும் ‘நான்’ வேறு என்று குரு பிரிக்கிறார். முன்னது விலகிப்போகும், பின்னது ஒன்றே. பலவாகப் பிரித்தறியும் ஆற்றலை ‘அன்ய’ என்றும், ஒன்றாகக் காணும் ஆற்றலை ‘சம’ என்றும் பின்னால் பெயரிடுகிறார்.

இப்படி உள்நோக்கி வேறு முடிவு கண்டவர்களும் உண்டு. ஸ்காட்லாந்தின் தத்துவ அறிஞர் டேவிட் ஹியூம் 1739இல் தன்னுள்ளே தேடிப் பார்த்து, வெப்பமும் குளிரும் அன்பும் வெறுப்பும்தான் அகப்படுகின்றன, ‘தான்’ அகப்படவில்லை என்றார். பௌத்தம் ஆளை ஆக்கும் ஐந்து கந்தங்களை (கூறுகளின் தொகுதிகளை) மட்டும் காட்டி நெடுங்காலம் முன்பே இதற்கு நெருங்கிய முடிவுக்கு வந்திருந்தது. குருவோ எதையும் பிடித்துக் காட்ட முயலவில்லை. எதுவுமே கண்ணுக்குப் படாத இருட்டிலும் பதில் சொல்பவருக்குத் தன் இருப்பில் ஐயமில்லை என்பதிலிருந்து தொடங்குகிறார்.

இதை மறுக்க வழியுண்டு. எல்லாரும் ‘இங்கே’ என்கிறார்கள் என்பதால் எல்லாரும் ஓரிடத்தில் நிற்பதாகிவிடாது. விடை ஒன்றுபோல் இருப்பதிலிருந்து விடை சொல்பவரும் ஒருவரே என்ற முடிவுக்குத் தருக்கம் மட்டும் கொண்டுபோகாது; அங்கே குரு அனுபவத்தின் பலத்தில் பேசுகிறார். ஆனால் அந்தக் காட்சி நிறுவும் இன்னொன்றுக்கு இந்தக் குறை இல்லை. இருட்டில் கேட்ட குரலில் சாதி தெரியவில்லை. வெளிச்சத்தில் திருவிதாங்கூர் முதலில் கேட்டதோ அதைத்தான். பின்னாளில் ‘ஜாதி மீமாம்சை’ எழுதியபோது அவர் தொட்டதும் இதே இடத்தைத்தான்.

அடுத்த தலைமுறையில் விசாரணையின் போக்கு மாறியது. காவல்துறை அதிகாரியாக இருந்த ஆத்மானந்தர் எனும் கிருஷ்ண மேனன் (1883–1959), நனவு, கனவு, ஆழ்துயில் மூன்றையும் ஆராய்ந்து, மூன்றுக்கும் சாட்சியான அறிவே நான் என்று இல்லறத்தாருக்கும் வெளிநாட்டாருக்கும் விளக்கினார். நாவலாசிரியர் ராஜா ராவ் அவரைத் தேடித் திருவனந்தபுரம் வந்தார். தருக்கம் இங்கே கூர்மை அடைந்தது. ஆழ்துயிலில் உடலும் மனமும் இல்லை, ஆனாலும் ‘நன்றாகத் தூங்கினேன்’ என்கிறோமே என்ற கேள்வியை எவரும் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஆனால் இந்த ‘நான்’, குளத்துக்கும் கோயிலுக்கும் போகும் வழியில் தடுத்து நிறுத்தப்பட்ட ஒருவருடைய ‘நான்’ அல்ல. 1936இல் எல்லாச் சாதி இந்துக்களுக்கும் கோயிலைத் திறந்த கோயில் நுழைவுப் பிரகடனம் வந்தபோது, தடுக்கப்பட்டவர்களின் வழக்கை நடத்திக்கொண்டிருந்தவர்கள் சங்கங்களும் சத்தியாகிரகிகளும்தான். சாட்சியைப் பற்றிய பேச்சு தனியாக, சிறு குழுக்களில் நடந்துகொண்டிருந்தது.