"தள்ளிப் போ!" - கவண் கல் முதல் கோல்ஃப் பந்து வரை

ஜவ்வாது மலையில் கோல்ஃப் மைதானம் கிடையாது. சாமை வயல் உண்டு, பீமன் அருவி உண்டு, காவலூர் தொலைநோக்கி உண்டு. கோல்ஃப் பார்க்க வேண்டுமானால் ஊட்டி, சென்னை போன்ற ஊர்களுக்குத்தான் போக வேண்டும். ஆனாலும் கோல்ஃப் ஆட்டத்தில் இன்றுவரை வழக்கும் வாக்குவாதமுமாக இருக்கிற ஒரு கேள்வி, இந்த மலையடிவாரத்தில் ஏறக்குறைய 1800 வருடங்களுக்கு முன்பே எழுந்துவிட்டது!

கேள்வி இதுதான். ஒருவர் வீசிய பொருள் குறி தப்பிப் போகிறது. அது போகும் வழியில் இன்னொருவர் நிற்கிறார். அவரை எச்சரிக்க வேண்டியது யார்? எப்போது எச்சரிக்க வேண்டும்? ஒரு குரல் கொடுத்துவிட்டால் வீசியவரின் பொறுப்பு அதோடு தீர்ந்துவிடுமா?

நன்னன் நாட்டில் பறந்த கற்கள்

பத்துப்பாட்டில் கடைசிப் பாட்டு மலைபடுகடாம். கூத்தராற்றுப்படை என்று இன்னொரு பெயரும் உண்டு. 583 அடிகள். பாடியவர் இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார். பாட்டுடைத் தலைவன் நன்னன் சேய் நன்னன். அவனுடைய ஊர் செங்கண்மா, அதாவது இன்றைய செங்கம்.

பாட்டில் ஜவ்வாது என்ற பெயர் வராது. ஆனால் சேயாறு வருகிறது. ஜவ்வாது மலையில் பிறந்து செங்கம் வழியாக ஓடுகிற செய்யாறுதான் அது. நன்னனின் நவிர மலையைப் பக்கத்திலுள்ள பர்வதமலை என்று அறிஞர்கள் அடையாளம் சொல்கிறார்கள். எனவே பாட்டில் வரும் காடும் தினைப்புனமும் இந்த வட்டாரத்துக் காடும் புனமும்தான்.

நன்னனிடம் பரிசு பெற்றுத் திரும்பும் ஒரு கூத்தர், எதிரில் வரும் இன்னொரு கூட்டத்துக்கு வழி சொல்கிறார். வழி என்றால் இடதா வலதா என்பது மட்டுமல்ல, எங்கே என்ன ஆபத்து என்பதும் சேர்த்துத்தான். காட்டுப் பன்றிக்குப் பயந்து வழிதோறும் கல்லால் ஆன பொறி வைத்திருக்கிறார்கள், அதனால் இருட்டில் போகாதீர்கள், விடிந்த பிறகு போங்கள் என்கிறார். பாம்பு ஒளிந்திருக்கும் குழிகளைச் சொல்கிறார். அடுத்ததாக வருவதுதான் நம் விஷயம்.

தினைப்புனம் காக்கும் குறவர்கள் உயரமான பரண் மேல் ஏறி நின்று, கை தட்டி, யானைக் கூட்டத்தை விரட்டக் கவணில் கல் வைத்து வீசுவார்கள். அந்தக் கல் மூங்கிலில் பட்டுத் தெறிக்கும். குரங்குகள் குட்டிகளோடு சிதறி ஓடும். எமனைப் போல வரும், வேகமும் குறையாது. எனவே மரங்களை மறைவாக வைத்துக்கொண்டு கடந்து போங்கள் என்கிறார் அந்தக் கூத்தர்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கல் வீசுகிறவன் வழிப்போக்கனுக்கு எதிரி அல்ல. அவன் குறி யானை. புதருக்குப் பின்னால் யாழும் முழவும் தூக்கிக்கொண்டு ஒரு கூட்டம் வருவது அவனுக்குத் தெரியவே தெரியாது. ஆகவே எச்சரிக்கை வீசியவனிடமிருந்து வரவில்லை, ஏற்கெனவே அந்த வழியில் நடந்து வந்தவனிடமிருந்து வருகிறது. தப்பிக்கும் பொறுப்பும் வழிப்போக்கன் தலையில்தான்!

சொல்லிவிட்டு எய்தவன்

வீசுகிறவனே எச்சரிக்கும் காட்சி புறநானூற்றில் இருக்கிறது. நெட்டிமையார் என்ற புலவர் பாண்டியன் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியைப் பாடிய 9-ஆம் பாட்டு அது. போருக்கு முன்னால் பசுக்கள், பார்ப்பனர், பெண்கள், நோயாளிகள், பிள்ளைப்பேறு இல்லாதவர்கள் ஆகியோரை, அம்பு விடப்போகிறோம், பாதுகாப்பான இடத்துக்குப் போய்விடுங்கள் என்று அறிவிப்பது அவன் வழக்கமாம்.

எல்லாரையும் காப்பாற்றுகிற பட்டியல் இது இல்லைதான். அன்றைய சமூகம் யாரைக் காக்க வேண்டும் என்று நினைத்ததோ அவர்கள் மட்டுமே இதில் இருக்கிறார்கள். ஆனால் நேரம் முக்கியம். அம்பு வில்லைவிட்டுப் போன பிறகு வரும் சத்தம் அல்ல இது. அம்பு நாணில் ஏறும் முன்பே வரும் அறிவிப்பு.

"அபைஹி!"

வடமொழி தர்ம நூல்கள் இதையே சட்டமாக எழுதின. மாடு, வண்டி, கட்டை, மண்ணாங்கட்டி, அம்பு, கல் இவற்றால் ஒருவருக்கு அடிபட்டாலும், "அபைஹி" என்று முன்கூட்டியே கத்தியிருந்தால் குற்றமில்லை என்கிறது யாக்ஞவல்கிய ஸ்மிருதி. அபைஹி என்றால் "தள்ளிப் போ" என்று பொருள். நம் ஊர்த் தெருவில் தண்ணீர் லாரி பின்னால் வரும்போது கேட்கிற அதே குரல்!

மனுஸ்மிருதி 8-ஆம் அத்தியாயத்திலும் இது வருகிறது. மூக்கணாங்கயிறு அறுந்தால், நுகத்தடி முறிந்தால், அச்சு உடைந்தால், "தள்ளிப் போ" என்று வண்டிக்காரன் கத்தியிருந்தால் தண்டனை இல்லை. ஆனால் அடுத்த சுலோகத்தையும் படிக்க வேண்டும். வண்டிக்காரனுக்கு ஓட்டத் தெரியாததால் வண்டி தடம் மாறி யாருக்காவது காயம் ஏற்பட்டால், வண்டியின் சொந்தக்காரனுக்கு 200 பணம் அபராதம். பி.காம் பிசினஸ் லா வகுப்பில் வேலைக்காரன் செய்த தவறுக்கு முதலாளி பொறுப்பு என்று படிப்பதன் பழைய வடிவம் இது. கத்துவது எல்லாவற்றையும் கழுவிவிடாது என்பது அப்போதே தெரிந்திருக்கிறது.

ஸ்காட்லாந்திலிருந்து கொடைக்கானல் வரை

இனி கோல்ஃப். 1457-ல் ஸ்காட்லாந்து அரசர் இரண்டாம் ஜேம்ஸ் இந்த ஆட்டத்தைத் தடை செய்தார். காரணம் வேடிக்கையானது. இளைஞர்கள் கோல்ஃப், கால்பந்து என்று போய்விட்டதால் வில் பயிற்சி குறைந்துவிட்டதாம்! 1744-ல் லீத் நகரத்தில் எழுதப்பட்ட முதல் 13 விதிகளில் எச்சரிக்கைக் குரல் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை.

"ஃபோர்!" என்ற கூவல் எப்படி வந்தது என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. பந்து எங்கே விழுகிறது என்று பார்க்க முன்னால் அனுப்பப்படும் வேலையாளுக்கு 'ஃபோர்கேடி' என்று பெயர், அவரைக் கூப்பிட்ட சத்தம்தான் சுருங்கியது என்பது ஒரு கருத்து. பீரங்கிப் படையின் எச்சரிக்கைக் குரலிலிருந்து வந்தது என்பது இன்னொன்று. முதல் கருத்து சரியென்றால், அடி வாங்கும் இடத்தில் நின்றவர் ஆட்டக்காரர் இல்லை, கூலிக்காரர்.

பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே மிகப் பழைய கோல்ஃப் கிளப் நம் நாட்டில்தான் இருக்கிறது. 1829-ல் தொடங்கிய கல்கத்தா கிளப் அது. 1848 வாக்கில் மலாயாப் பக்கத்து மரப்பாலில் செய்த கட்டாபெர்ச்சா பந்து வந்தது. இறகு அடைத்த பழைய தோல் பந்தைவிட விலை மலிவு என்பதால் ஆட்டம் பரவியது. 1890-களில் கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் கோல்ஃப் வந்தது. ஊட்டி வென்லாக் டவுன்ஸ் புல்வெளி அதற்கு முன்பே தோடர்களின் எருமைகள் மேய்ந்த நிலம். மாடு மேய்க்கிறவருக்கு "ஃபோர்!" என்றால் என்ன புரியும்? கேட்கிறவருக்குத் தெரியாத மொழியில் சொல்லும் எச்சரிக்கை, எச்சரிக்கையே இல்லை.

கோர்ட் படியேறிய பந்துகள்

1919-ல் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் சாலையில் போன டாக்ஸி மீது ஒரு கோல்ஃப் பந்து விழுந்தது. கண்ணாடி உடைந்து டிரைவருக்கு ஒரு கண் போனது. பந்துகள் அந்தச் சாலையில் அடிக்கடி விழுந்துகொண்டிருந்தன. 1922 தீர்ப்பு டிரைவருக்குச் சாதகமாக வந்தது. ஆட்டம் தொடங்கும் இடத்தைச் சாலையோரமாக வைத்ததே பொதுமக்களுக்குத் தொல்லை என்றது நீதிமன்றம்.

1951-ல் ஒரு கிரிக்கெட் வழக்கில் தீர்ப்பு நேர் மாறானது. மான்செஸ்டரில் மைதானத்துக்கு வெளியே வந்த சிக்ஸர் ஒரு பெண் மீது பட்டது. ஆனால் அதற்கு முந்தைய 30 வருடங்களில் சுமார் ஆறு முறைதான் பந்து வெளியே போயிருந்தது. எனவே கிளப் பொறுப்பில்லை என்றார்கள்.

மூன்றாவது வழக்கு அமெரிக்காவில். 2002-ல் நியூயார்க் மாநிலத்தில் இந்திய வம்சாவளியைச் சேர்ந்த டாக்டர் நண்பர்கள் சேர்ந்து ஆடினார்கள். ஒருவர் முன்னறிவிப்பு இல்லாமல் அடித்தார். பந்து கோணலாகப் போய் நண்பரின் கண்ணில் பட்டு ஒரு கண் பார்வை போனது. வழக்கு அந்த மாநிலத்தின் உச்சநிலை நீதிமன்றம் வரை போனது. கோணல் அடி இந்த ஆட்டத்தில் சகஜம், ஆட வந்தவர் அந்த ஆபத்தை ஏற்றுக்கொண்டுதான் வருகிறார் என்று 2010 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. "ஃபோர்" சொல்லாதது அங்கே குற்றமாகவில்லை.

மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு கணக்கு புரியும். ஆட வந்தவன் ஆபத்தில் பங்கு வாங்கியவன். ரோட்டில் போகிறவன் எதிலும் கையெழுத்துப் போடவில்லை. அவனை ஆபத்தில் தள்ளுவது அடிக்கடி நடந்தால் பொறுப்பும் கூடும்.

நம் நாட்டுச் சட்டமும் இதே பக்கம்தான். 1860-ன் இந்திய தண்டனைச் சட்டம் 80-ஆம் பிரிவில் ஒரு உதாரணம் உண்டு. ஒருவர் கோடரியால் வேலை செய்கிறார், தலைப்பகுதி கழன்று பறந்து பக்கத்தில் நின்றவர் இறக்கிறார். வேலை செய்தவர் உரிய எச்சரிக்கையோடு இருந்திருந்தால் குற்றமில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 18-ஆம் பிரிவாக அதே கோடரி தொடர்கிறது. சட்டம் தேடுவது கோடரி கழன்ற பிறகு போட்ட சத்தத்தை அல்ல, கழல்வதற்கு முன் இருந்த கவனத்தை.

மூன்று விநாடி

ஒரு கத்தலுக்கு எவ்வளவு மதிப்பு என்று கணக்குப் போட்டே பார்க்கலாம். 200 மீட்டர் தூரத்துக்கு அடித்த பந்து போய்ச் சேர நாலைந்து விநாடி ஆகும். பந்து தப்பான பக்கம் போகிறது என்று புரிய ஒரு விநாடி. சத்தம் 200 மீட்டர் போக அரை விநாடிக்குச் சற்று மேல். மீதி மூன்று விநாடி. குனிந்து தலையைக் கையால் மூட அது போதும். அதனால்தான் கோல்ஃப் ஒழுக்க விதிகள் தாமதிக்காமல் கத்தச் சொல்கின்றன. ஆனால் அவை அதற்கு முன்பே வேறொன்றும் சொல்கின்றன. பந்து போகக்கூடிய இடத்தில் ஆள் இருந்தால் அடிக்காமல் காத்திரு!

எல்லாப் பொருளுக்கும் அந்த மூன்று விநாடியும் கிடைக்காது. 2021 டிசம்பர் 30 அன்று புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலை அருகே துப்பாக்கி சுடும் பயிற்சித் தளத்திலிருந்து வந்த குண்டு, 11 வயதுச் சிறுவனின் தலையில் பாய்ந்தது. 2022 ஜனவரி 3 அன்று அவன் இறந்தான். துப்பாக்கிக் குண்டு சத்தத்தைவிட வேகமாகப் போவது. எவ்வளவு உரக்கக் கத்தினாலும் குண்டு முந்திக்கொள்ளும். அங்கே எச்சரிக்கை என்பது முன்கூட்டியே மட்டும்தான் இருக்க முடியும். தளத்தை எங்கே வைப்பது, எந்தத் திசையில் சுடுவது, சுற்றியுள்ள ஊர்களுக்கு என்ன சொல்வது என்பதெல்லாம் விசையில் விரல் வைக்கும் முன் முடிந்திருக்க வேண்டிய வேலை.

நெட்டிமையார் பாடிய அரசன் அம்பு விடும் முன் அறிவித்தான். செங்கத்துக் காட்டில் ஒரு கூத்தர் முன்பின் தெரியாதவர்களை நிறுத்தி, கல் வரும், மரத்தின் மறைவில் போ என்றார். இரண்டுமே பொருள் கையைவிட்டுப் போகும் முன் சொன்னவை. "கத்தினேனே, கேட்கலையா?" என்பது அடித்தவரைக் காப்பாற்றலாம். அடிபடப் போகிறவரைக் காப்பாற்றுவது அதற்கு முன் சொன்ன வார்த்தைதான்.